தொட்டி சைஸை செடி மட்டும் முடிவு பண்ணா போதுமா?

வீட்டுக்குள்ளயோ மாடியிலயோ செடி வளர்க்க ஆரம்பிக்கிற எல்லாரும் முதல்ல கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "இந்தச் செடிக்கு எத்தனை லிட்டர் தொட்டி வேணும்?" பதிலா ஒரு பட்டியல் கிடைக்கும். கீரைக்கு ஆழம் வேண்டாம், மிளகாய்க்கு 10 லிட்டர், தக்காளிக்கு 15 முதல் 20 லிட்டர், கறிவேப்பிலைக்கு 40 லிட்டருக்கு மேல. பட்டியல் தப்பில்ல. ஆனா பழவேற்காடு ஏரிக்கரையில, தோணிரேவு மாதிரி ஒரு மீனவ கிராமத்துல, அது பாதி பதில்தான். மீதிப் பாதி செடியைப் பத்தினது இல்ல, தண்ணியைப் பத்தினது.

என் கருத்து இதுதான். தொட்டி அளவை முதல்ல தண்ணி முடிவு பண்ணணும், அடுத்து உப்பு, அதுக்கு அப்புறம்தான் செடி. இந்த வரிசையைத் தலைகீழா வச்சுக்கிட்டு நாம கிராமத்துக்குக் கொண்டு போற எந்த மாடித்தோட்டத் திட்டமும், எந்த ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் ஒரு கோடைக்காலத்தைத் தாண்டாது.

முதல்ல அந்தச் சிரிப்பை முடிச்சுக்கலாம்

"ரூமுக்குள்ள தொட்டி, மேல எல்.இ.டி. லைட்"னு ஹாஸ்டல்ல சொன்னாலே நாலு பேர் அர்த்தத்தோட சிரிப்பாங்க. அதனால நேராவே சொல்லிடறேன். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தோட 20-வது பிரிவுப்படி கஞ்சா செடி வளர்க்கிறதுக்கு 10 வருஷம் வரைக்கும் கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதமும் உண்டு. ஒரு செடி, ஒரே ஒரு தொட்டி, "சும்மா ட்ரை பண்ணோம்" எல்லாமே அதே பிரிவுதான். 2023 ஜூன்ல கர்நாடகாவுல சிவமொக்கா பக்கத்துல, வாடகை வீட்டுக்குள்ள லைட், ஃபேன் எல்லாம் வச்சு கஞ்சா வளர்த்ததா மருத்துவக் கல்லூரி மாணவர்களைப் போலீஸ் கைது பண்ண செய்தியைப் பலரும் படிச்சிருப்பீங்க. படிப்பு முடியுற நேரத்துல வாழ்க்கையை வச்சு விளையாடுற விஷயம் அது.

ஆனா அந்தச் செடிக்காக உலகம் முழுக்க மண்டையை உடைச்சுக்கிற அதே கேள்விகள் இருக்கே, வேருக்கு எவ்வளவு இடம், அடியில எவ்வளவு ஈரம், எப்போ பெரிய தொட்டிக்கு மாத்தணும், அதெல்லாம் மிளகாய்க்கும் அதே கேள்விகள்தான். நம்ம ஊர்ல மிளகாய்க்குத்தான் அது அதிகமா தேவைப்படுது.

ஏரிக்கரையில ஏன் தொட்டி?

தோணி ஒதுங்குற துறைங்கறதுதான் தோணிரேவுங்கற பேருக்கே அர்த்தம். பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆரணி ஆறும் மழையும் தண்ணி கொண்டு வர்ற மாசங்கள்ல உப்பு குறையும். கோடையில வெயில் தண்ணியைக் குடிச்சுட்டு உப்பை மட்டும் விட்டுட்டுப் போகும். முகத்துவாரம் மணல் மூடிக்கிட்டா நிலைமை இன்னும் மாறும். மீன் வரத்து, இறால் வரத்து எல்லாமே இந்த உப்புக் கணக்கோடதான் ஓடுது.

செடிக்கும் அதே கணக்குதான். கரையோரம் மணல். ஊத்தின தண்ணி நிக்காது. ஆழமா தோண்டினா உவர்ப்பு. இதோட மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் பல வருஷமா நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினதுல கடல் நீர் உள்ளே ஏறின கதையும் சேர்ந்துக்குது. நம்ம சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் அதைப் பாடத்துலயே படிப்பாங்க. அதே கடற்கரையில காட்டுப்பள்ளியில 2010-ல திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தயாரிக்கிற திறன் உள்ளது. அது சென்னைக்கான தண்ணி. கரையோரக் கிராமத்துல மிளகாய்ச் செடிக்கு ஒரு குடம் ஒதுக்கணும்னா வீட்டுல யோசிச்சுத்தான் ஒதுக்கணும்.

அதனால இங்க தரையில செடி வைக்கிறதை விட தொட்டியில வைக்கிறதுதான் புத்திசாலித்தனம். நல்ல கலவை, அளவான தண்ணி, தரை உப்புல இருந்து தப்பிக்கலாம். கேள்வி, எவ்வளவு பெரிய தொட்டி?

"சின்ன தொட்டின்னா தண்ணி மிச்சம்" என்பது பொய்

தண்ணி கம்மியா இருக்கிற ஊர்ல எல்லாரும் சொல்ற வாதம் இது. கேட்க நியாயமா இருக்கும். ஆனா செடி தண்ணியைச் செலவு பண்றது இலை வழியா. இலைப்பரப்பு, வெயில், காத்து, இந்த மூணும்தான் ஒரு நாள் தேவையை முடிவு பண்ணும். தொட்டி சின்னதாங்கறது செடிக்குத் தெரியாது. சின்ன தொட்டி தண்ணியை மிச்சப்படுத்தாது. நீங்க எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஊத்தணுங்கறதை மட்டும் மாத்தும். சின்ன தொட்டியில நிஜமாவே தண்ணி கம்மியா செலவாச்சுன்னா, அதுக்குக் காரணம் செடி வளராம குட்டையா நின்னதுதான்.

அதுக்கும் ஆய்வு இருக்கு. 2012-ல ஹெண்ட்ரிக் பூர்ட்டரும் கூட்டாளிகளும் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினாங்க. தொட்டிக் கொள்ளளவை இரண்டு மடங்கு ஆக்கினா செடியோட மொத்த எடை சராசரியா 43 சதவீதம் கூடுதுன்னு கண்டாங்க. இரண்டு மடங்கு மண்ணுக்கு இரண்டு மடங்கு செடி கிடைக்காது, ஆனா கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு கிடைக்கும். வேர் சுவர்ல முட்டி வட்டமடிக்க ஆரம்பிச்சதுமே செடி மேல வளர்றதைக் குறைச்சுக்கும்.

இப்போ ஒரு கணக்கு. கோகோபீட்டும் மண்புழு உரமும் கலந்த கலவை முழுசா நனைஞ்சா அதோட அளவுல சுமார் 40 சதவீதம் தண்ணி பிடிக்கும்னு வச்சுக்குவோம். அதுல செடி சுலபமா உறிஞ்சக்கூடியது மொத்த அளவுல கால் பங்கு. காய்க்கிற தக்காளிக்கு கோடையில ஒரு நாளைக்கு 1.5 லிட்டர் தேவைன்னு எடுத்துக்கலாம்.

தொட்டி அளவு = ஒரு நாள் தேவை × தண்ணி ஊத்த முடியாத நாள்கள் ÷ 0.25.

மூணு நாள் தண்ணி வராதுன்னா 1.5 × 3 ÷ 0.25 = 18 லிட்டர். அஞ்சு நாள் வராதுன்னா 30 லிட்டர். மிளகாய் அதுல பாதி குடிக்கும்னா மூணு நாளுக்கு 9 லிட்டர், அஞ்சு நாளுக்கு 15 லிட்டர். பாருங்க, ஒரே தக்காளி, ஊருக்கு ஊர் வேற தொட்டி. அண்ணா நகர்ல தினமும் குழாய் திறக்கிற வீட்டுக்கு 12 லிட்டர் போதும். தண்ணி எப்போ வரும்னு தெரியாத வீட்டுக்கு 30 லிட்டர். பட்டியல்ல இருக்கிற "தக்காளிக்கு 15 முதல் 20" யாரோ ஒருத்தர் வீட்டுக் குழாயை மனசுல வச்சு எழுதினது.

இதை ஃபார்முலா எதுவும் போடாம எங்க பெரியம்மா ஒரே வரியில சொல்லிட்டாங்க: "தண்ணி வர்ற நாளைப் பார்த்துத்தான்டா செடி வைக்கணும்."

அப்போ எல்லாத்துக்கும் பெருசா வாங்கிடலாமா?

அதுவும் இல்ல. ரெண்டு இலை விட்ட நாத்தை 30 லிட்டர் தொட்டியில வச்சா, வேர் இருக்கிறது ஒரு கைப்பிடி இடத்துல. மீதி மண் முழுக்க ஈரமா நாள் கணக்குல கிடக்கும். அங்க காத்து இருக்காது, வேர் அழுகும். ஐப்பசி, கார்த்திகை மழையில இது நிச்சயம் நடக்கும். சின்ன தொட்டியில நாத்து வளர்த்து, வேர் அடி ஓட்டை வழியா எட்டிப் பார்க்கிற நேரத்துல பெரிய தொட்டிக்கு மாத்துறது நல்லது. ரொம்பத் தள்ளிப் போட்டா வேர் உள்ளேயே சுருண்டு கயிறு மாதிரி ஆயிடும். அப்படி ஆயிட்டா மாத்தும்போது பக்கவாட்டு வேரை விரலால பிரிச்சுவிடுங்க, முடியலைன்னா கத்தியால ரெண்டு மூணு இடத்துல லேசா கீறிவிடுங்க. இல்லைன்னா புது மண் சுத்தி இருந்தாலும் வேர் பழைய வட்டத்துலயே ஓடிக்கிட்டு இருக்கும்.

லிட்டரை விட உயரமும் முக்கியம். சமையலறை ஸ்பாஞ்சை நல்லா நனைச்சு, படுக்க வச்சு கையில பிடிங்க. சொட்டுறது நிக்கும். இப்போ அதையே நெட்டா நிறுத்துங்க. மறுபடியும் தண்ணி சொட்டும். அதே ஸ்பாஞ்ச், அதே கொள்ளளவு, உயரம் மட்டும் மாறிச்சு. தொட்டியிலயும் இதேதான். தண்ணி வடிஞ்சு முடிஞ்ச பிறகும் அடியில ஒரு அடுக்கு சொதசொதன்னு நிக்கும். அந்த அடுக்கோட உயரத்தை முடிவு பண்றது கலவை, தொட்டி இல்ல. அதனால தட்டையான தொட்டியில அந்த ஈர அடுக்கு பெரும்பங்கு, உயரமான தொட்டியில சின்ன பங்கு.

இதே காரணத்தால, அடியில ரெண்டு அங்குலத்துக்கு ஜல்லி போட்டா தண்ணி நல்லா வடியும்னு சொல்றது சரியில்ல. ஈர அடுக்கு ஜல்லிக்கு மேல ஏறி உட்காரும். வேருக்கு இருந்த இடமும் குறையும். ஓட்டை அடைக்காம இருக்க ஒரு ஓட்டாஞ்சில்லு போதும்.

உப்பு: எந்தப் பட்டியல்லயும் இல்லாத காலம்

இப்போ தோணிரேவோட நிஜமான பிரச்சினைக்கு வருவோம். குடிநீருக்கான இந்திய தர நிர்ணயத்துல கரைஞ்ச உப்பு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம். வேற தண்ணியே இல்லைன்னா 2000 வரைக்கும் அனுமதி. மனுஷன் குடிக்கலாம். பீன்ஸ் குடிக்க முடியாது. உலக உணவு வேளாண் அமைப்போட பழைய கையேட்டுல இருந்து இன்னைக்கும் எல்லாரும் எடுத்துப் பயன்படுத்துற எண்கள் இவை: மண்ணோட மின்கடத்துத்திறன் ஒரு மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸ் தாண்டினா பீன்ஸ் விளைச்சல் குறைய ஆரம்பிக்கும். மிளகாய்க்கு எல்லை 1.5. தக்காளிக்கு 2.5. 1 டெசிசீமென்ஸ் தோராயமா லிட்டருக்கு 640 மில்லிகிராம் உப்பு. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

தரையில உப்பு கீழ இறங்கிப் போக வழி உண்டு. தொட்டியில போக ஒரே வழி அடி ஓட்டை. தண்ணியை மிச்சம் பிடிக்கணும்னு நாம என்ன பண்றோம்? ஓட்டை வழியா ஒரு சொட்டும் வீணாகாத மாதிரி அளவா ஊத்துறோம். விளைவு இதுதான். லிட்டருக்கு 1.5 கிராம் உப்பு உள்ள தண்ணியை தினமும் 1 லிட்டர், 60 நாள் ஊத்தினா தொட்டிக்குள்ள போன உப்பு 90 கிராம். செடி கொஞ்சம் எடுத்துக்கும், மீதி அங்கேயேதான். 10 லிட்டர் க்ரோ பேக்ல பிடிச்சிருக்கிற தண்ணி 4 லிட்டர். அதுல 90 கிராம்னா லிட்டருக்கு 22 கிராம். கடல் தண்ணியில 35. நன்னீர்னு நினைச்சு ஊத்தி ஊத்தி, ரெண்டு மாசத்துல தொட்டிக்குள்ள பாதிக் கடலுக்கு மேல உண்டாக்கிட்டோம். இலை நுனி கருகும். "உரம் பத்தலை"ன்னு மேல உரம் போடுவோம். உரமும் ஒரு உப்புதான்.

25 லிட்டர் தொட்டியா இருந்தா அதே 90 கிராம் 10 லிட்டர் தண்ணியில கரையும், லிட்டருக்கு 9 கிராம். பெரிய தொட்டி நமக்கு நேரம் வாங்கித் தரும். பிரச்சினையைத் தீர்க்காது. தீர்க்கிறதுக்கு ரெண்டே வழி. ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் ஊத்துறதுல அஞ்சுல ஒரு பங்கு கீழ வடியுற மாதிரி ஊத்தணும். வடிஞ்ச தண்ணியைத் தட்டுல பிடிச்சு மறுபடி அதே செடிக்கு ஊத்தக் கூடாது. அதைத் தென்னைக்கு விடுங்க, அது ஓரளவு தாங்கும். ரெண்டாவது வழி, மழை.

மழைக்கும் தொட்டி வடிவத்துக்கும் ஒரு அழகான கணக்கு உண்டு. தொட்டிக்குள்ள விழுற மழை = வாய்ப்பரப்பு × மழை ஆழம். தொட்டிக் கொள்ளளவு = வாய்ப்பரப்பு × மண் ஆழம். வகுத்தா பரப்பு அடிபட்டுப் போகும். மிச்சம் இருக்கிறது மழை ஆழமும் மண் ஆழமும் மட்டும்தான். 300 மில்லிமீட்டர் மழை பெஞ்சா, 25 சென்டிமீட்டர் ஆழ மண் உள்ள பெட்டிக்குள்ள அதோட முழுக் கொள்ளளவை விட அதிகமான மழைத்தண்ணி ஓடிப் போயிருக்கும், உப்பு கழுவிடும். அதே 300 மில்லிமீட்டர், 41 சென்டிமீட்டர் உயரமான ஒல்லி க்ரோ பேக்ல முக்கால் பங்குதான் வரும். நம்ம பக்கம் வருஷ மழையில பெரும்பகுதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டுது. அகலமான, நடுத்தர ஆழத் தொட்டி வச்சிருக்கிற வீடு வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமா உப்பைக் கழுவிக்கும். அந்த நேரத்துல தொட்டியை மழை படாத தாழ்வாரத்துல பத்திரமா வைக்கிறது அக்கறை மாதிரி தெரியும். பலன் நேர் எதிர். பாதி நாளாவது வெளியில வைங்க.

ஸ்பாஞ்ச் கணக்கு உயரம் கேட்குது, உப்புக் கணக்கு அகலம் கேட்குது. ரெண்டும் இடிக்குதுன்னா, ஆமா, இடிக்கத்தான் செய்யுது. பொறியியல்ல எந்த நல்ல கேள்விக்கும் ரெண்டு பக்கமும் இழுக்கிற கயிறு உண்டு. என் கணக்குல கரையோரத்துக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர் மண் ஆழம், எவ்வளவு அகலம் முடியுமோ அவ்வளவு அகலம், அடியில நிறைய ஓட்டை. ஈரம் அதிகம் தேங்காத மாதிரி கலவையைக் கொஞ்சம் கரகரப்பா வச்சுக்கலாம்.

காசு கொடுத்து வாங்க வேண்டாம்

இந்த அளவுல ஒரு பொருள் மீன் ஊர்ல சும்மாவே கிடைக்குது, ஐஸ் வச்சு மீன் அனுப்புற தெர்மாகோல் பெட்டி. 60-க்கு 40 சென்டிமீட்டர் பெட்டியில 25 சென்டிமீட்டர் மண் போட்டா 60 லிட்டர். ஐஸ் உருகாம காக்கிற அதே குணம், மே மாச வெயில்ல வேரையும் காக்கும். கறுப்பு பிளாஸ்டிக் பை வெயில் பட்டா உள்ள வேர் வேகும். மண் தொட்டி வேரைக் குளிர்ச்சியா வச்சிருக்கும், ஆனா அது சுவர் வழியாவும் தண்ணியை விடும். கொஞ்ச நாள்ல வெளிப்பக்கம் உப்புப் பூத்து நிக்கிறதைப் பார்த்தா உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும்.

தெர்மாகோலுக்கும் ஒரு கெட்ட பக்கம் இருக்கு. வெயில்ல உதிர்ந்து துணுக்கு துணுக்கா ஏரிக்குப் போகும். அதனால வெளிப்பக்கம் பழைய வலையோ சாக்கோ சுத்தி வைங்க. உடைய ஆரம்பிச்சா ஏரிக்கரையில போடாம ஒதுக்கிடுங்க. பெயின்ட் வாளி, உணவு எண்ணெய் கேன் நல்லது. பூச்சிமருந்து, ரசாயனம் இருந்த கேன் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

கோகோபீட் வாங்கினா முதல்ல கழுவுங்க. தேங்காய் மட்டையை உவர்நீர்ல ஊற வச்சு எடுத்த நார்க்கழிவா இருந்தா அதுலயே உப்பு இருக்கும். ரெண்டு மூணு தடவை ஊற வச்சுப் பிழிஞ்சா போதும்.

மாடியில வைக்கிறவங்களுக்கு இன்னொரு கணக்கு. இந்தியத் தரநிலை 875-ன் இரண்டாம் பகுதிப்படி ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோதான் வடிவமைப்புச் சுமை. ஈர மணல் லிட்டருக்கு சுமார் 2 கிலோ, கோகோபீட் கலவை அதுல பாதி. மேல சொன்ன 60 லிட்டர் பெட்டி மணலா இருந்தா 120 கிலோ, கோகோபீட்னா 60. ஒரு சதுர மீட்டருக்கு மணல் பெட்டி ஒண்ணு, இல்லைன்னா கோகோபீட் பெட்டி ரெண்டு. அதுக்கு மேல வேண்டாம். உப்புக் காத்துல கம்பி துருப்பிடிச்சு சிமென்ட் பெயர்ந்து நிக்கிற வீடா இருந்தா மாடியே வேண்டாம், வாசல் போதும்.

நாம மாத்த வேண்டியது என்ன?

தமிழ்நாடு அரசோட மாடித்தோட்டத் திட்டம் 2013-14-ல சென்னையிலயும் கோவையிலயும் ஆரம்பிச்சது. பை, கோகோபீட், விதை, உயிர் உரம், கையேடு எல்லாம் சேர்ந்த தொகுப்பை மானிய விலையில கொடுத்தது நல்ல காரியம். நிறைய பேர் முதல் கத்திரிக்காயைப் பறிச்சது அதுலதான். ஆனா ஆறு செடி, ஆறு பை, ஆறும் ஒரே அளவு என்கிற யோசனை தினமும் தண்ணி வர்ற நகரத்து மாடிக்கானது. கரையோர ஊர்களுக்கு ஆறு பைக்குப் பதிலா அகலமான ரெண்டு பெரிய பை கொடுக்கலாம். விதையில பீன்ஸுக்குப் பதிலா உப்பைக் கொஞ்சம் தாங்குற தக்காளியும் கீரையும் கொடுக்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் கொடுத்தா, எந்தத் தண்ணியை எந்தச் செடிக்கு ஊத்தலாம்னு அவங்களே பார்த்துக்குவாங்க. சில நூறு ரூபாய் விஷயம்.

"இருக்கிற தண்ணி குடிக்கவே பத்தலை, இதுல செடிக்கா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனாலதான் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்றேன். ஆறு வாடின செடிக்கு ஊத்துற தண்ணியில ரெண்டு நல்ல செடி காய்க்கும். அரிசி, காய்கறி கழுவின தண்ணி ரெண்டு செடிக்குப் போதும். ஆறு செடிக்குப் போதாது. மீன் கழுவின தண்ணியில உப்பு போட்டிருந்தா மட்டும் வேண்டாம்.

இப்போ நம்ம பக்கம். வருஷா வருஷம் நம்ம கல்லூரிகள்ல "ஸ்மார்ட் இரிகேஷன்"னு பத்து ப்ராஜெக்ட் வரும். ஆர்டுயினோ, ரெண்டு கால் உள்ள மலிவான ஈரப்பத சென்சார், ஒரு குட்டி மோட்டார், டெமோ முடிஞ்சா கைத்தட்டல். அந்த சென்சார் அளக்கிறது ஈரத்தை இல்ல, மின்தடையை. மண்ணுல உப்பு ஏறினா மின்சாரம் சுலபமா பாயும். சென்சார் "ஈரமா இருக்கு"ன்னு சொல்லும், மோட்டார் ஓடாது, செடி காஞ்சு போகும். லேப்ல மெட்ரோ வாட்டர் ஊத்தி டெஸ்ட் பண்ண வரைக்கும் எல்லாம் சரியா இருக்கும். பழவேற்காட்டுக்குக் கொண்டு போனா ஒரே மாசத்துல பொய் சொல்ல ஆரம்பிக்கும். கெப்பாசிட்டிவ் சென்சார் கொஞ்சம் பரவாயில்ல, அதுவும் உப்பு அதிகமானா தடுமாறும். மண்ணோட மின்கடத்துத்திறனையும் சேர்த்து அளந்து, "தண்ணி ஊத்து" என்பதோட "கழுவி விடு" என்றும் சொல்ற ஒரு கருவி பண்ணுங்க. அதுதான் இந்தக் கரைக்குத் தேவையான ப்ராஜெக்ட். பேட்டரியும் ஆப்பும் அப்புறம் பார்த்துக்கலாம்.

இதுல நஷ்டம் யாருக்குன்னும் யோசிங்க. நமக்கு ஒரு செடி செத்தா ஒரு ஸ்டேட்டஸ் போட்டு முடிச்சிடுவோம். மீன் வரத்து இல்லாத மாசத்துல வீட்டு மிளகாயும் கீரையும் நிஜமாவே சமையலுக்கு உதவுற வீட்டுல, வாடின ஆறு பை அப்படி இல்ல. ஆறு பைக்கும் ரெண்டு மாசம் தண்ணி தூக்கினது அந்த வீட்டுப் பெண்கள். செடி செத்ததும் "நமக்குக் கை ராசி இல்ல"ன்னு அவங்க தங்களையே குறை சொல்லிக்கிறாங்க. ராசி இல்ல. பை அளவு தப்பு.

அதனால அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட "இந்தச் செடிக்கு எத்தனை லிட்டர் தொட்டி?"ன்னு கேட்டா, உடனே எண் சொல்லாதீங்க. ரெண்டு கேள்வி திருப்பிக் கேளுங்க. உங்க வீட்டுல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்? அந்தத் தண்ணி எவ்வளவு உப்பு? அதுக்குப் பதில் வந்த பிறகு கால்குலேட்டரை எடுங்க.